நாற்பத்திரண்டு பூட்டுக்கு ஒரு சாவி



சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கொட்டாவி வருகிறது. அது வக்கீல்கள் பாடு, பார்லிமெண்டு உறுப்பினர்கள் பாடு, நமக்கு ஏன் அந்த வீண் வேலை என்று புரண்டு படுக்கிறோம். நானும் சென்ற விடுமுறை வரை அப்படித்தான் இருந்தேன். என்னைத் தட்டி எழுப்பியவர் எந்தச் சட்டக் கல்லூரிப் பேராசிரியரும் அல்லர், என் தாய்மாமன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் எங்கள் ஊர். கெலவரப்பள்ளி அணையின் வாய்க்கால் பாயும் நிலம் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. தக்காளி, பீட்ரூட், சாமந்தி என்று பருவத்துக்கு ஏற்றபடி வைப்பார். மழை பெய்த மறுநாள் காலை அவரோடு வாய்க்கால் கரைக்குப் போனேன். வாய்க்காலில் தண்ணீரே தெரியவில்லை; பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியது போல் வெள்ளை நுரை ஊர்ந்து கொண்டிருந்தது. காற்றடித்தால் நுரை பறந்து வந்து சாமந்தியின் மேல் உட்கார்ந்தது. மூக்கைப் பிடித்துக் கொண்டேன். மாமா பிடித்துக் கொள்ளவில்லை. அவருக்குப் பழகிவிட்டது.

"பெரிய படிப்புப் படிக்கிறே. ஒரு மனு எழுதிக் குடுப்பா" என்றார்.

"யாருக்கு மாமா எழுதறது?"

"அது தெரிஞ்சா நானே எழுதியிருப்பேனே!"

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவன்தான், நான் இதுவரை பெயர் கூடச் சரியாக அறியாதிருந்த ஒரு சட்டத்தில் வந்து முட்டிக் கொண்டேன். அதைப் பற்றியே இக்கட்டுரை.

நுரை எங்கிருந்து வருகிறது?

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. கன்னடத்தில் அதன் பெயர் தட்சிண பினாகினி. பெங்களூருக்குக் கிழக்காக இறங்கி, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, கடலூரையொட்டி வங்கக் கடலில் சேர்கிறது. பெங்களூரின் பெலந்தூர் ஏரியும் அதனையடுத்த வர்த்தூர் ஏரியும் நகரத்துச் சாக்கடையைச் சுமந்து கொண்டு இந்த ஆற்றில்தான் கொட்டுகின்றன. பெலந்தூர் ஏரி 2015-இல் தீப்பற்றி எரிந்தது, 2017-இல் எரிந்தது, 2018-இலும் எரிந்தது. தண்ணீர் எரிந்ததைக் காண உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் வந்தன. எரிந்த தண்ணீர் அடுத்து எங்கே போகிறது என்று பார்க்க வந்தவர்கள் மிகச் சிலர். அது எங்கள் மாமாவின் சாமந்திக்குப் போகிறது.

இதற்குத் தொழிற்சாலைகள் மட்டுமே காரணம் என்று கூறினால் அது பொய்யாகும். வீட்டுச் சாக்கடையும், துணி துவைக்கும் சோப்புத் தூளும் அதில் பெரும் பங்கு. இந்நகரத்தின் அடுக்கு மாடிகளில், விடுதிகளில், வாரம் தவறாமல் சட்டை வெளுத்துக் கொள்ளும் நாமும் அந்த நுரைக்குப் பங்காளிகளே. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவரைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரும்.

நாம் வாழும் எலெக்ட்ரானிக் சிட்டியின் கதை நமக்குத் தெரியும். ஆர். கே. பாலிகா என்ற பொறியாளர் கண்ட கனவு. கர்நாடக அரசாங்கத்தின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970-களின் பிற்பகுதியில் கோனப்பன அக்கிரகாரம், தொட்டதோகூர் ஆகிய இரு கிராமங்களில் 332 ஏக்கரை எடுத்து அக்கனவுக்கு வடிவம் தந்தது. இன்று மென்பொருள் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. அடுத்த பொம்மசந்திராவில் மருந்துத் தொழிலும் பெரிய மருத்துவமனையும் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. வாணிபம், தொழில்நுட்பம், மருத்துவம், சுற்றுச்சூழல் என்ற நான்கும் தோளோடு தோள் உரசிக் கொண்டு நிற்கும் ஊர் இது. அந்த நான்கையும் ஒரே மூச்சில் தொட்ட மத்தியச் சட்டம் ஒன்று உண்டானால், அதை முதலில் படிக்க வேண்டியவர்கள் நாமன்றோ?

ஒரு மசோதா, நாற்பத்திரண்டு சட்டங்கள்

அப்படி ஒரு சட்டம் உண்டு. அதன் பெயர் ஜன் விஸ்வாஸ் சட்டம், 2023. 'மக்கள் நம்பிக்கை' என்று தமிழில் சொல்லலாம். 2022 டிசம்பர் 22-இல் மக்களவையில் அது மசோதாவாக வந்தது. இரு அவைகளின் கூட்டுக் குழு அதை ஆராய்ந்து 2023 மார்ச்சில் அறிக்கை தந்தது. ஜூலை 27-இல் மக்களவையும், ஆகஸ்டு 2-இல் மாநிலங்களவையும் ஏற்றன. ஆகஸ்டு 11-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது.

இந்த ஒரே சட்டம் 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தியது. அந்த 42 சட்டங்களும் 19 அமைச்சகங்களையும் துறைகளையும் சேர்ந்தவை. காட்டுச் சட்டம் அதில் இருக்கிறது, மருந்துச் சட்டம் இருக்கிறது. காற்று மாசுத் தடுப்புச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், உணவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம், காப்புரிமைச் சட்டம், வணிகக் குறிகள் சட்டம், தபால் நிலையச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. ஆனையும் பூனையும் ஒரே பட்டியில்!

நோக்கம் என்ன? சிறு சிறு தவறுகளுக்கெல்லாம் சிறைத் தண்டனை என்று பழைய சட்டங்கள் மிரட்டுகின்றன. அதனால் தொழில் செய்வோர் அஞ்சுகின்றனர். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிகின்றன. ஆகவே சிறையை நீக்கிப் பண அபராதம் வைப்போம், அபராதத்தையும் நீதிமன்றம் அல்லாமல் ஓர் அதிகாரியே விதிக்கட்டும் என்பதே அரசாங்கத்தின் வாதம்.

நல்லதை நல்லது என்பேன்

எதிர்த்து எழுதுவதற்கு முன் ஏற்க வேண்டியதை ஏற்பது நேர்மை. இச்சட்டத்தில் வரவேற்கத் தக்கவை பல உண்டு. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் மாடு நுழைந்து மேய்ந்துவிட்டால் மாட்டுக்காரனை ஆறு மாதம் வரை சிறையில் தள்ளலாம் என்றிருந்தது வெள்ளைக்காரன் காலத்து 1927-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம். அந்தச் சிறை போயிற்று. போக வேண்டியதே.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு வேறொரு கதை. கணினியில் ஒருவர் எழுதிய கருத்து பிறருக்கு எரிச்சல் தந்தால் அவரைச் சிறையில் தள்ளலாம் என்ற பிரிவு அது. உச்ச நீதிமன்றம் 2015-இலேயே அதனைச் செல்லாது என்று அறிவித்தது. அதன் பின்னும் அப்பிரிவு அச்சிட்ட சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்தது. போலீசார் அதன் கீழ் வழக்குப் போட்டுக் கொண்டும் இருந்தனர். 2023 சட்டம் அதைப் புத்தகத்திலிருந்தும் எடுத்தது. இதற்காக மகிழலாம்.

ஓசூரிலோ பீன்யாவிலோ நான்கு கடைசல் இயந்திரம் வைத்துப் பத்துப் பேருக்குக் கூலி கொடுக்கும் சிறு முதலாளி, ஒரு படிவத்தை நேரத்தில் அனுப்ப மறந்தான் என்பதற்காகச் சிறைக்குப் போக வேண்டுமா? வேண்டாம். அந்தப் பயத்தைக் காட்டி அவனிடம் கையூட்டுக் கறக்கும் இன்ஸ்பெக்டருக்குத்தான் அப்படிப்பட்ட சட்டம் வாழ்வு தரும்.

ஆனால் படிவம் அனுப்ப மறந்தவனுக்கும் ஆற்றில் நஞ்சு விட்டவனுக்கும் ஒரே தராசா? என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

ஆற்றின் விலை

1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். அந்தச் சாம்பலில் முளைத்தது 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் 15-ஆம் பிரிவு, சட்டத்தை மீறியவருக்கு ஐந்தாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. தீர்ப்புக்குப் பின் ஓராண்டு கடந்தும் தவறு தொடர்ந்தால் ஏழாண்டு வரை சிறை.

2023 சட்டம் இதை மாற்றியது. 2024 ஏப்ரல் 1 முதல் மீறலுக்குச் சிறை இல்லை. 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு மேலும் 10,000. விதித்த அபராதத்தைக் கட்டாவிட்டால்தான் மூன்றாண்டு வரை சிறை என்ற பேச்சு வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனி ஆண்டு முழுவதும் ஒருநாள் விடாமல் மீறியது என்று கொள்வோம். மேல்மட்ட அபராதம் 15 லட்சம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் வீதம் 365 நாளுக்கு 36 லட்சத்து 50 ஆயிரம். ஆகக் கூடி 51 லட்சத்து 50 ஆயிரம். கழிவு நீரைச் சுத்தம் செய்யும் நிலையம் கட்டி, மின்சாரம் கொடுத்து, ஆள் வைத்து ஓட்ட ஆகும் செலவை இத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடிக் கணக்கில் வரவு செலவு செய்யும் முதலாளி எதைத் தேர்ந்து கொள்வார்? அபராதத்தை அவர் தண்டனையாகக் கருதமாட்டார்; கழிவு நீர் விடுவதற்குக் கட்டும் வாடகையாகக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். ஆனைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். ஆனைக்குத் தண்டனையும் சோளப்பொரிதானா?

இன்னொரு கணக்கு. வேலூர் மாவட்டத்தில் தோல் பதனிடும் சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் புகழ் பெற்ற ஒரு தீர்ப்பை அளித்தது. மாசுபடுத்தியவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டமாக அத்தீர்ப்பு ஆக்கியது. பாழான நிலத்துக்கு நட்ட ஈடு தனியே இருக்க, தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் இருந்த ஒவ்வொரு தோல் சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 27 ஆண்டுகள் கழித்து வந்த 2023 சட்டத்திலும் அடிமட்ட அபராதம் அதே 10,000! இதற்கிடையில் தக்காளி விலை ஏறவில்லையா, நம் கல்லூரிக் கட்டணம் ஏறவில்லையா? மூன்றாண்டுக்கு ஒருமுறை குறைந்தபட்ச அபராதத்தில் பத்து விழுக்காடு கூட்டுவோம் என்று இச்சட்டம் சொல்கிறது. பத்தாயிரத்தில் பத்து விழுக்காடு ஆயிரம் ரூபாய். மூன்றாண்டுக்கு ஓராயிரம்!

பெரிய தொகை விதிக்கப் பார்லிமெண்டுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டு 11 அன்றே இன்னொரு சட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. அது மின்னணுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நம் பெயரும் பிறந்த நாளும் வங்கிக் கணக்கும் வைத்திருக்கும் கம்பெனி அவற்றைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. அது நல்ல சட்டமே. எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்களாகிய நமக்கு மிக வேண்டியதே. ஆயின், ஒரே நாளில் ஒப்புதல் பெற்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என் பிறந்த நாளைச் சிந்தியதற்கு 250 கோடி வரை. என் மாமாவின் வாய்க்காலில் நஞ்சு சிந்தியதற்கு 15 லட்சம் வரை. ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு! கணினியில் கிடக்கும் எழுத்துக்கு உள்ள மதிப்பு கழனியில் பாயும் நீருக்கு இல்லையா?

மருந்தும் சமரசமும்

மருத்துவத்துக்கு வருவோம். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 27(டி) பிரிவு, பொதுவாகத் தரக்குறைவான மருந்து பற்றியது. மாத்திரையில் இருக்க வேண்டிய அளவுக்கு மருந்து இல்லை, தண்ணீரில் கரைய வேண்டிய நேரத்தில் கரையவில்லை என்பன போன்ற குறைகள் இதில் அடங்கும். அதற்கு ஓராண்டு முதல் ஈராண்டு வரை சிறையும், 20,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. 2023 சட்டம் இக்குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசமாகத் தீர்த்துக் கொள்ள வழி திறந்தது.

உயிரைப் பறிக்கும் கலப்பட மருந்துக்குப் பத்தாண்டு முதல் ஆயுள் வரை சிறை என்ற பிரிவு அப்படியே இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. இதை மறைத்துப் பேசுவது முறையன்று. ஆனால் 2025-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. அமெரிக்காவில் 1937-இல் நூறு பேருக்கு மேல் கொன்ற அதே நஞ்சு. அந்தச் சாவுகள்தாம் 1938-இல் அமெரிக்காவுக்குக் கடுமையான மருந்துச் சட்டத்தைத் தந்தன.

பெருங்குற்றத்துக்குப் பெருந்தண்டனை உண்டு என்பது ஆறுதலா? குழந்தை இறந்த பின் வரும் தண்டனை அது. கவனமில்லாத தொழிற்சாலை ஒரே நாளில் நஞ்சு விற்கத் தொடங்குவதில்லை. இன்று அளவு குறையும். நாளை சோதனை தவறும். மறுநாள் வாங்கிய மூலப்பொருளைப் பார்க்காமலே கொப்பரையில் ஊற்றுவார்கள். அந்த முதற்படியிலேயே பிடித்து உலுக்க வேண்டிய பிரிவு 27(டி). அதைச் சமரசத்துக்கு உரியதாக்கிவிட்டு இறுதிப் படியில் தூக்குமேடையைக் கட்டி வைத்தால் யாருக்கு லாபம்?

ஒரே மூட்டையில் கட்டியது ஏன்?

இவற்றையெல்லாம் பார்லிமெண்டில் ஒருவர் எழுந்து ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். மக்களவையில் இம்மசோதா, மணிப்பூர் பற்றிய அமளிக்கு நடுவே குரல் வாக்கில் நிறைவேறியது. அமளி இல்லாமல் இருந்திருந்தாலும் 42 சட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால் எந்த உறுப்பினர்தான் என்ன செய்வார்? மாட்டுக்காரனின் சிறையை நீக்க வேண்டும் என்று விரும்பும் உறுப்பினர், ஆற்று நஞ்சின் சிறையையும் சேர்த்தே நீக்க வேண்டும். 'ஆம்' என்றால் எல்லாவற்றுக்கும் ஆம். 'இல்லை' என்றால் எல்லாவற்றுக்கும் இல்லை. நாற்பத்திரண்டு பூட்டுக்கு ஒரே சாவி போட்டால் அது வீட்டுக்காரனுக்கு வசதிதான். திருடனுக்கு அதைவிட வசதி.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. 2025-இல் அமெரிக்கப் பார்லிமெண்டு வரி, மருத்துவ உதவி, எரிசக்தி எல்லாவற்றையும் ஒரே பெரும் மசோதாவில் கட்டியது. அதன் உள்ளே, செயற்கை அறிவுத் தொழில்நுட்பம் பற்றிப் பத்தாண்டுக்கு மாநிலங்கள் சட்டம் இயற்றவே கூடாது என்றொரு வரியும் பதுங்கியிருந்தது. மாநிலங்கள் விழித்துக் கொண்டன. கட்சி பாராமல் எதிர்த்தன. ஜூலை 1 அன்று செனட் சபை 99-க்கு ஒன்று என்ற வாக்கில் அந்த வரியைக் கிள்ளி எறிந்தது. மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர்கள் இருந்ததால் அது நடந்தது.

நம் நாட்டிலும் மாநிலங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. அதற்குச் சாட்சி தண்ணீரே. தண்ணீர் நம் அரசியலமைப்பில் மாநிலங்களின் பட்டியலைச் சேர்ந்தது. ஆகவே 1974-ஆம் ஆண்டுத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை மத்திய அரசாங்கம் இந்தப் பெருமூட்டையில் வைத்துக் கட்டவில்லை. இமாசலப் பிரதேசமும் இராஜஸ்தானும் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்ட பிறகே, 2024 பிப்ரவரியில் தனியாக ஒரு திருத்தச் சட்டம் வந்தது. அபராதம் அதிலும் அதே 10,000 முதல் 15 லட்சம்தான். ஆனால் மற்ற மாநிலங்களில் அது தானாகச் செல்லாது. அந்தந்தச் சட்டசபை தீர்மானம் போட்டு ஏற்றால்தான் செல்லும். ஆமை நடைதான். ஆயினும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "சம்மதமா?" என்று கேட்டு நடக்கும் நடை. காற்றுச் சட்டமும் சுற்றுச்சூழல் சட்டமும் 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டின் முடிவுகளை நிறைவேற்றும் சட்டங்கள் என்ற வகையில் மத்திய அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. அங்கே கதவைத் தட்ட வேண்டியதில்லை, தட்டவும் இல்லை.

மாமாவின் மனு

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன். மனுவை யாருக்கு எழுதுவது?

பழைய சுற்றுச்சூழல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சாதாரணக் குடிமகனுக்கு ஒரு வழி வைத்திருந்தது. அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவரே குற்றவழக்குக்காக நீதிமன்றத்தின் படியேறலாம். மீறல் என்பதே குற்றமில்லை, அபராதத்துக்குரிய தவறு மட்டுமே என்றான பிறகு, அந்த வழியில் நடந்து எங்கே போய்ச் சேர்வது? தண்டம் விதிப்பவர் இப்போது ஓர் அதிகாரி. மத்திய அரசாங்கத்தில் இணைச் செயலாளருக்கோ மாநில அரசாங்கத்தில் செயலாளருக்கோ குறையாத பதவியில் இருப்பவர். தாலுகாக் கச்சேரியின் படியையே தயங்கித் தயங்கி ஏறும் எங்கள் மாமா, தலைமைச் செயலகத்து மாடியை எட்டிப் பார்ப்பாரா? அதிலும் நுரை புறப்படும் இடம் கர்நாடகம். நுரை வந்து சேரும் இடம் தமிழ்நாடு. எந்தச் செயலகத்து மாடி?

பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது, நட்ட ஈடு கேட்கலாம். பெலந்தூர் ஏரிக்காக அத்தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் கர்நாடக அரசாங்கத்துக்கு 50 கோடியும், பெங்களூர் மாநகராட்சிக்கு 25 கோடியும் விதித்ததுண்டு. அதை நான் பெருமையோடு சொல்வேன். ஆனால் அந்தக் கோடிகளில் ஒரு காசாவது வாய்க்காலைக் கடந்து எங்கள் ஊருக்கு வந்ததாக மாமா கண்டதில்லை.

புதிய சட்டத்தில் ஒரு நல்ல முளையும் இருக்கிறது, அதையும் மறைக்கலாகாது. அரசாங்கத் துறையே மீறினால் அத்துறையின் தலைவர் தம் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு மாதத் தொகையை அபராதமாகக் கட்ட வேண்டும் என்கிறது அது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பித்தால் தப்பிக்கலாம் என்ற சந்து இருந்தாலும், ஒருவர் சொந்தப் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் சரியான எண்ணம். அந்த எண்ணத்தை ஏன் கம்பெனிக்கும் நீட்டக் கூடாது?

வேண்டுவது யாது?

குறை சொல்லி ஓய்ந்துவிடுவது மாணவனுக்கு அழகன்று. நான் வேண்டுவன நான்கு.

முதலாவது, மூட்டை கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். தபாலும் வணிகக் குறியும் ஒரு மசோதாவில் வரட்டும். காற்று, நீர், காடு வேறொரு மசோதாவில் வரட்டும். மருந்தும் உணவும் தனியே வரட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாக்கெடுப்பு நடக்கட்டும். 2025 ஆகஸ்டு 18-இல் 16 சட்டங்களைத் திருத்தும் இரண்டாவது ஜன் விஸ்வாஸ் மசோதா மக்களவைக்கு வந்து தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஆகவே இது பழங்கதையன்று. பழக்கமாகி வரும் கதை.

இரண்டாவது, அபராதம் ஆளின் அளவுக்கு இருக்க வேண்டும். கம்பெனியின் ஆண்டு வருவாயில் இத்தனை விழுக்காடு என்று வைத்தால், ஓசூர்ச் சிறு முதலாளி நசுங்க மாட்டான். பெருங் கம்பெனி சிரிக்காது. 2023-இல் திருத்திய போட்டிச் சட்டம் அபராதத்துக்குக் கம்பெனியின் உலகளாவிய வருவாயையே கணக்கில் எடுக்கிறது. வியாபாரப் போட்டிக்கு உள்ள நியாயம் ஆற்றுக்கும் இருக்கட்டும்.

மூன்றாவது, தெரிந்தே செய்தவனுக்கும் திரும்பத் திரும்பச் செய்தவனுக்கும் சிறை இருக்க வேண்டும். சிறை இருந்தபோது மட்டும் என்ன கிழித்தோம் என்று கேட்பாரும் உளர். கேட்கட்டும். போபால் வழக்கில் 2010-இல்தான் தண்டனை வந்தது. 26 ஆண்டுக்குப் பின் ஈராண்டுச் சிறை. அது சட்டத்தின் வாள் மழுங்கியிருந்ததைக் காட்டுகிறது. மழுங்கிய வாளைச் சாணை பிடிப்பார்கள். அதை விற்றுக் காசாக்கிக் கொள்ளமாட்டார்கள்.

நான்காவது, அபராதப் பணம் நுரை போகும் வழியே போக வேண்டும். ஆறு எந்த மாநிலத்து எல்லையிலும் நின்று அனுமதிச் சீட்டுக் காட்டுவதில்லை. கேடு எல்லை கடந்தால் ஈடும் எல்லை கடக்கட்டும்.

தோழர்களே! நம்மில் பொறியியல் படிப்போர் நாளை இந்தக் கம்பெனிகளில் அமர்வார்கள். சிலர் கழிவு நீர் நிலையத்தின் அளவுமானியைக் கவனிக்கும் மென்பொருளையும் எழுதுவார்கள். நிர்வாகம் படிப்போர் அபராதத்துக்கும் சுத்திகரிப்புக்கும் ஆகும் செலவை இரண்டு பத்தியாக எழுதி ஒப்பிட்டுக் காட்டும் மேசைக்குப் போவார்கள். அப்போது மேலதிகாரி, "அபராதமே மலிவு" என்று சொன்னால் நீங்கள் என்ன விடை சொல்வீர்கள்? அந்த விடையை இப்போதே யோசித்து வைத்துக் கொள்ளுங்கள்.

மாமாவின் மனுவை எழுதிவிட்டேன். இரண்டு படி எடுத்தேன். ஒன்று பெங்களூருக்கு, ஒன்று சென்னைக்கு. மாமா கையெழுத்திட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "படிச்சுப் பாப்பாங்களா?" என்று கேட்டார்.

பார்லிமெண்டு படித்துப் பார்த்ததா என்பதே எனக்கு ஐயமாக இருக்கும்போது நான் என்ன சொல்ல? "நாங்க படிக்கிறோம் மாமா" என்றேன். அதைப் பொய்யாக்காமல் இருப்பது உங்கள் கையிலும் இருக்கிறது.